சொந்த லாரி எடுக்கும் ஓட்டுநர் முதலில் போட வேண்டிய கணக்கு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் நல்ல ஓட்டுநர் ஒருவர் பத்து வருடம் ஸ்டியரிங் பிடித்துவிட்டால், அடுத்து அவர் காதில் விழுவது "இன்னும் எத்தனை நாளைக்கு அடுத்தவன் வண்டியை ஓட்டுவே, சொந்தமா ஒண்ணு எடு" என்பதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கும் டயருக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியதும் இந்தப் பேச்சு கூடிவிட்டது. வண்டி விலை இறங்கியது நல்லதுதான். ஆனால் ஓனர் கம் டிரைவராக இறங்குபவரைத் தூக்கி நிறுத்துவதும் கவிழ்ப்பதும் ஷோரூம் விலை இல்லை. மாதம் எத்தனை கிலோமீட்டர் லோடோடு ஓடுகிறது, வண்டி நிற்கும் மாதத்தில் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கிறது, வாடகையில் அட்வான்ஸ் போக மீதியான பாலன்ஸ் எப்போது கைக்கு வருகிறது, இந்த மூன்றும்தான். மூன்றுக்கும் விடை தெரியாமல் புக்கிங் போடுபவர் தன் சம்பளத்தைத் தானே கடனுக்கு வாங்குகிறார் என்பது என் எண்ணம். அதற்கான கணக்கை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு 12 வீல் வண்டி. மொத்த எடை 35 டன். பாடியோடு வெறும் வண்டி 11 டன் என்றால் சட்டப்படி ஏற்றக்கூடியது 24 டன். பாடி, பதிவு எல்லாம் சேர்த்து 42 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து 8 லட்சம், கடன் 34 லட்சம், 60 மாதம், வட்டி குறையும் நிலுவைக்கு 10.5 சதவீதம். மாதத் தவணை 73,080 ரூபாய். லைன், அதாவது வண்டி ஓடும் தடம், நாமக்கல் - புனே. ஒரு பக்கம் சுமார் 1,100 கிலோமீட்டர்.

விற்பனைக்காரர் இந்த இடத்தில் "மாசம் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும்" என்பார். இரண்டு ஓட்டுநர் மாறி மாறி ஓட்டும் கம்பெனி வண்டி ஓடும். தனி ஆள் ஓட்டும் வண்டி ஓடாது. லோடு வண்டியில் ஒருவர் நாளைக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் தினம் தினம் ஓட்டினால் உடம்பு தாங்காது. போக மூன்று நாள், இறக்கி அடுத்த லோடு பிடிக்க ஒன்றரை நாள், வர மூன்று நாள், இங்கே இறக்கி ஏற்ற ஒன்றரை நாள். ஒரு நடைக்கு ஒன்பது நாள் ஆகிவிடுகிறது. மாதம் மூன்று நடை, 6,600 கிலோமீட்டர். மிச்சம் மூன்று நாளில்தான் கிரீஸ் அடிப்பது, பட்டை (ஸ்பிரிங் பிளேட்) பார்ப்பது, வீட்டுக்குப் போவது எல்லாம். ஆக 6,600 என்பதே தனி ஆளுக்கு ஏறக்குறைய உச்சம். அதுவும் இரண்டு பக்கமும் லோடு கிடைத்தால்.

இனி செலவு. டீசல் லிட்டர் 92 ரூபாய், மைலேஜ் 3.75 என்றால் 1,760 லிட்டர், 1,61,920 ரூபாய். பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிக்கு, புகையைச் சுத்தம் செய்யும் டெஃப் (ஓட்டுநர்கள் யூரியா என்பது) டீசலில் 4 சதவீதம் அளவுக்கு, 70 லிட்டர், 4,550. டோல் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் வீதம் 39,600. டயருக்கு கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் எடுத்து வைத்தால் 16,500. ஆயில், ஃபில்டர், பிரேக் லைனிங், கிளட்ச், பட்டை வேலைக்கு 2 ரூபாய் வீதம் 13,200. புரோக்கர் கமிஷன், ஏற்று இறக்கு மாமூல், எடை மேடை, பார்க்கிங், சாப்பாடு எல்லாம் லோடுக்கு 3,500 வீதம் ஆறு லோடுக்கு 21,000. கூட்டினால் 2,56,770. வண்டி ஓடினாலும் நின்றாலும் வரும் செலவு தனி: தவணை 73,080, இன்சூரன்ஸ், நேஷனல் பர்மிட், காலாண்டு வரி, எஃப்.சி. (தகுதிச் சான்று) இவற்றுக்கு மாதப் பங்கு 13,000, ஆக 86,080. மொத்தம் 3,42,850.

இதில் ஓட்டுநருக்குச் சம்பளம் இல்லை. பலர் போடாமல் விடும் வரி இதுதான். அடுத்தவர் வண்டியில் போனால் படியோ சதவீதமோ 30,000 வந்திருக்கும் என்றால் அதையும் செலவாக எழுத வேண்டும். எழுதினால் 3,72,850. ஆறு லோடுக்குப் பிரித்தால் லோடுக்கு 62,140, டன்னுக்கு சராசரி 2,590, கிலோமீட்டருக்கு 56.50. இந்த வாடகை கிடைத்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. கூலி கிடைக்கிறது, ஐந்து வருடத்தில் பழைய வண்டி ஒன்று சொந்தமாக நிற்கும். போகும்போது டன்னுக்கு 3,000 கிடைத்தால் திரும்பும்போது 2,180-க்கு ஏற்றலாம். அதற்குக் கீழே இறங்கினால் கையிலிருந்து போகிறது. ஒவ்வொருவரும் தம் லைன், தம் வண்டி, தம் வாடகையை இதே வரிசையில் போட்டுப் பார்க்கட்டும். என் எண்களில் ஒன்றிரண்டு மாறும், வரிசை மாறாது.

இப்போது ஒரு நடை குறையட்டும். மழை, ஸ்டிரைக், ஆலையில் கேட் அடைப்பு, வீட்டில் ஒரு கல்யாணம், எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். இரண்டு நடை, 4,400 கிலோமீட்டர். அதே 56.50 வாடகைக்கு வரவு 2,48,600; ஓட்டச் செலவு 1,71,180; மிச்சம் 77,420. கட்ட வேண்டியது 86,080. சம்பளம் பூஜ்யம் ஆனது போக 8,660 ரூபாய் கைமாற்று வாங்க வேண்டும். ஒரே ஒரு நடை! இதைத் தாங்கும் கையிருப்பு இல்லாதவர்தான் அடுத்த வாரம் கந்துக்காரர் வாசலில் நிற்கிறார்.

இரண்டாவது ஓட்டுநரைப் போட்டால் சரியாகுமா என்று கேட்பார்கள். நான்கு நடை, 8,800 கிலோமீட்டர், அவருக்கு 30,000 என்று போட்டால் கிலோமீட்டருக்கு அடக்கம் 55.50 வருகிறது. மாதம் 8,800 ரூபாய் மிஞ்சும். பெரிய தொகை இல்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு மேல் ஸ்டியரிங்கில் ஒரு தூங்காத ஆள் இருப்பார்; அந்தக் காரணத்துக்காகவே தூர லைனுக்கு நான் இரண்டு ஆளையே சொல்வேன். கிடைக்கிறார்களா என்பது வேறு கதை.

12 வீல் எடுப்பதா, 10 வீலா என்ற கேள்வியில் பலர் டன்னை மட்டும் பார்க்கிறார்கள். டோலையும் பார்க்க வேண்டும். 2008-ல் வந்த தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின் அடிப்படை விகிதத்தில் மூன்று ஆக்சில் (அச்சு) உள்ள 10 வீல் வண்டிக்கு கிலோமீட்டருக்கு 2.40 ரூபாய், 12 வீல் அடங்கும் நான்கு முதல் ஆறு ஆக்சில் வரை 3.45 ரூபாய். அதன் பிறகு விலைவாசியோடு சேர்ந்து எல்லாம் ஏறிவிட்டது, ஆனால் விகிதம் அதேதான். 10 வீலிலிருந்து 12 வீலுக்குப் போனால் டோல் 44 சதவீதம் கூடுகிறது. ஏற்றும் சரக்கு பதினெட்டரை டன்னிலிருந்து 24 ஆக, 30 சதவீதம்தான் கூடுகிறது. அதுவே 14 வீலுக்கு (42 டன்) போனால் டோல் வகை மாறுவதில்லை. அதனால்தான் கம்பெனிகள் 12-ஐத் தாண்டி 14, 16 என்று போகின்றன. ஆனால் 14 வீல் எல்லா குடோன் சந்துக்குள்ளும் திரும்பாது, எல்லா நாளும் 30 டன் லோடு தனி ஆளுக்குக் கிடைக்காது.

பாடி விஷயத்தில் நம் ஊர்ப் பட்டறைகளின் கைத்திறன் ஊரறிந்தது. கனமாகக் கட்டித்தரச் சொல்வது மட்டும் பழைய காலப் பழக்கம். பாடியில் 500 கிலோ கூடினால் ஒவ்வொரு லோடிலும் அரை டன் குறைகிறது. டன் 2,590 கணக்கில் லோடுக்கு 1,295. ஆறு லோடுக்கு 7,770 ரூபாய், மாதா மாதம். அடிச்சட்டத்துக்கு எத்தனை கிலோ, தளத்தகடு எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டு எழுதி வாங்கிவிட்டு, வண்டி வெளியே வந்ததும் முதல் வேலையாக எடை மேடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும். சட்டப்படி ஏற்ற முடியாததை ஓவர்லோடில் ஈடுகட்டலாம் என்று நினைப்பவருக்கு: 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. மூன்று டன் கூட ஏற்றினால் கிடைப்பது 7,770, பிடிபட்டால் 26,000, அதோடு கூடுதல் சரக்கை அங்கேயே இறக்க வேண்டும். நாலு முறையில் ஒரு முறை பிடிபட்டாலே கிடைத்த வாடகையில் முக்கால்வாசிக்கு மேல் போய்விடும். மிச்சமிருப்பது டயருக்கும் ஹவுசிங்குக்கும் பட்டைக்கும் போகும்.

கடன் தாளில் ஏமாறுவது "பிளாட்" வட்டியில், அதாவது அசல் குறைந்தாலும் முழுக் கடனுக்கும் கடைசி வரை போடும் வட்டியில். 7 சதவீதம் என்று கேட்டதும் 10.5-ஐ விடக் குறைவு என்று தோன்றும். 34 லட்சத்துக்கு 7 சதவீதம் பிளாட், ஐந்து வருடம் என்றால் வட்டி 11.90 லட்சம், தவணை 76,500. குறையும் நிலுவையில் இது 12.5 சதவீதத்துக்குச் சமம். மாதம் 3,420 ரூபாய் அதிகம். 60 மாதத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி இது போன்ற ஒவ்வொரு புதுக் கடனுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்றை, வாங்குபவருக்குப் புரியும் மொழியில், கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். அதில் ஏ.பி.ஆர். என்று ஆண்டுச் சதவீதம் ஒன்று இருக்கும். பிராசசிங், கட்டாய இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த உண்மை விலை அது. இரண்டு இடத்துத் தாளையும் பக்கத்தில் வைத்து அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிட்டால் போதும். வெற்றுச் செக் எத்தனை கொடுத்தோம் என்று எண்களோடு எழுதி வைப்பதும், வண்டிக் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தைத் தராமல் இருப்பதும் அதைவிட முக்கியம். முன்பணத்துக்கே இன்னொரு கடன் வாங்க வேண்டிய நிலை என்றால் அந்த வருடம் வண்டி எடுக்க வேண்டாம்.

கையில் எவ்வளவு இருக்க வேண்டும்? புரோக்கர் லோடில் வாடகையில் பெரும்பகுதி அட்வான்ஸாக வரும். மீதி, இறக்கிய ரசீதைக் கொண்டு வந்து கொடுத்த பிறகு. லோடுக்கு 15 சதவீதம் நின்றால் 9,300 ரூபாய். 45 நாள் இழுத்தால் ஒன்பது லோடுகளின் பாலன்ஸ், கிட்டத்தட்ட 84,000, எப்போதும் வெளியிலேயே கிடக்கும். கம்பெனியோடு நேரடி காண்டிராக்ட் என்றால் அட்வான்ஸே இல்லாமல் ஒன்றிரண்டு மாதம் கடன் சொல்வார்கள். அதற்கு ஓட்டச் செலவு முழுவதும் நம் பையில் இருக்க வேண்டும். ஆகவே முன்பணம் போக மூன்று தவணை (2.20 லட்சம்), வெளியே நிற்கும் பாலன்ஸ், ஒரு ஜோடி டயர், இவ்வளவுக்கும் சேர்த்து மூன்றரை லட்சம் தொடாமல் இருந்தால்தான் முதல் வருடம் நிம்மதியாக நகரும்.

பாலன்ஸை இழுப்பவர் கம்பெனியாக இருந்தால் ஒரு பிடி உண்டு. உத்யம் என்ற சிறு தொழில் பதிவு இலவசம், லாரி ஓட்டும் தனி ஆளும் செய்யலாம். பதிவு எண்ணைப் பில்லில் போட்டுவிட்டால், எழுத்து ஒப்பந்தம் இல்லாத இடத்தில் 15 நாள், இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. தராத தொகையை அந்த வருடச் செலவாக அவர்கள் வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது என்பதால், மார்ச் மாதத்தில் அவர்களுடைய கணக்குப் பிள்ளையே போன் செய்வார். புக்கிங் ஆபீஸ் புரோக்கரிடம் இதெல்லாம் செல்லாது. அங்கே ஆளைத் தெரிந்து ஏற்றுவதுதான் வழி. ஏற்றும் முன் வாடகை, அட்வான்ஸ், ஹால்டிங் (ஏற்ற இறக்கக் காத்து நிற்பதற்கான கூலி) நாளுக்கு எவ்வளவு, சரக்குக் குறைந்தால் யார் பொறுப்பு என்ற நாலையும் வாட்ஸ்ஆப்பில் எழுத்தாக அனுப்பச் சொல்ல வேண்டும். ஹால்டிங் பேசாமல் போன வண்டிதான் ஞாயிறும் திங்களும் கேட்டுக்கு வெளியே நிற்கிறது. மூட்டைச் சரக்குக்கு எண்ணிக்கையை லோடு ஏறும்போதே எண்ண வேண்டும். வெங்காயம், மக்காச்சோளம் போல உலரும் சரக்குக்கு எத்தனை கிலோ வரை கழிவு ஒப்புக்கொள்வார்கள் என்று முன்னதாகப் பேசியாக வேண்டும்.

சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டான இ-வே பில்லில் ஒரு எச்சரிக்கை. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் 1,100 கிலோமீட்டருக்கு ஆறு நாள் தருவார்கள். வழியில் கிளட்ச் போய் மூன்று நாள் பட்டறையில் நின்றால் காலாவதி ஆகிவிடும். முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும் மட்டுமே நீட்டிக்க முடியும். அந்த நேரத்தை அலாரம் வைத்துப் பார்த்து, லோடு கொடுத்தவரை நீட்டிக்கச் சொல்ல வேண்டும். பிடிபட்டால் சரக்குக்காரர் கட்டும் வரை வண்டி நிற்கும். அவர் கைவிரித்தால் அபராதத் தொகை அல்லது ஒரு லட்சம், எது குறைவோ அதைக் கட்டி வண்டியை மட்டும் எடுக்க ஜி.எஸ்.டி. சட்டத்தின் 129-வது பிரிவில் இடம் உண்டு.

மைலேஜில் கால் கிலோமீட்டர் குறைந்தால் (3.75 போய் 3.50) மாதம் 126 லிட்டர், 11,600 ரூபாய் கூடுதல் செலவு. டீசல் விலை ஏறியதற்குப் புலம்புகிறோம். லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏறினால் இந்த வண்டிக்கு 1,760 ரூபாய்தான். ஓட்டுபவர் காலும் டயர் காற்றும் அதைப் போல ஆறு மடங்கு விழுங்கும். சொந்த வண்டி ஓட்டுபவருக்கு உள்ள ஒரே பெரிய அனுகூலம் இங்கேதான்: அடைத்த ஏர் ஃபில்டரை உடனே மாற்றுவார், வண்டியை 60-க்கு மேல் விரட்ட மாட்டார், காற்றைச் சூடாகும் முன் காலையில் பார்ப்பார். பின்னால் ஜோடி டயரில் ஒன்றில் காற்று குறைந்தால் மற்றது மொத்தச் சுமையையும் தாங்கிச் சூடேறி வெடிக்கும், காற்று குறைந்த டயர் தேய்ந்துகொண்டே போகும். முன் டயர் எப்போதும் புதியதாகவே இருக்கட்டும். ரீட்ரெட் போட்டது (தேய்ந்த டயரில் புது மேல்பட்டை ஒட்டியது) பின்னால் மட்டும்.

பி.எஸ்.6 வண்டியில் யூரியாவை மலிவாகப் பார்த்து வாங்குவது மிகப் பெரிய வீண் செலவு. டெஃப் என்பது 32.5 சதவீத யூரியாவும் சுத்த நீரும். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்துத் தரும் பக்கெட்டுகள் சாலையோரத்தில் கிடைக்கின்றன. அதில் உள்ள உப்பு டெஃப்பைத் தெளிக்கும் டோசர் முனையில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும். சென்சார் பிழை காட்டும். எஞ்சின் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். மலைப்பாதையில் 24 டன்னோடு இது நடந்தால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். பில்லோடு மூடி சீல் உடைக்காத பக்கெட் மட்டும் வாங்க வேண்டும். டெஃப் இல்லாமலே ஓடும்படி "பைபாஸ் பண்ணித் தர்றேன்" என்று லேப்டாப்போடு வருபவரை அனுப்பிவிடுங்கள். வாரண்டி போகும், எஃப்.சி.யில் நிற்கும்.

பழைய வண்டி எடுக்கலாமா? என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். அதே லைனில் 16 லட்சத்துக்கு ஆறு வயது 10 வீல், பாதி சொந்தப் பணம், 8 லட்சம் கடன் 14 சதவீதத்தில் 36 மாதம் என்றால் தவணை 27,340. பராமரிப்பைக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் என்று உயர்த்திப் போட்டாலும், சம்பளம் சேர்த்து டன்னுக்கு அடக்கம் 2,725 வருகிறது. புது 12 வீலை விட 135 ரூபாய் அதிகம். வாடகைப் போட்டியில் அது தோற்கும். ஆனால் வண்டி நின்ற மாதத்தில் புது வண்டி கேட்பது 86,000, பழையது கேட்பது 39,000. முதல் முறை ஓனர் ஆகிறவர் முதல் இரண்டு வருடம் எப்படியும் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்துக்கு எது மலிவோ அதை எடுப்பது நல்லது.

பழைய வண்டியை வெயிலில் கழுவி நிறுத்தியிருக்கும்போது பார்க்கக் கூடாது. காலையில் ஆறிய எஞ்சினோடு பார்க்க வேண்டும். ஸ்டார்ட் செய்து ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் போய்விட்டது. சேசிஸில் பட்டை பிராக்கெட் சேரும் இடங்களில் புதுப் பெயின்ட் இருந்தால் அதன் அடியில் வெல்டிங் இருக்கும், சுரண்டிப் பாருங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டினால் கிங்பின் ஆட்டம் தெரியும். டார்க் ராட் புஷ், யு போல்ட், கிரவுன் சத்தம் இவற்றை லோடோடு ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும், வெறும் வண்டியில் தெரியாது. பி.எஸ்.6 என்றால் ஸ்கேனர் மாட்டிப் பழைய பிழைகளைப் பார்ப்பதற்குப் பட்டறைக்காரருக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

தாள்களில்: ஃபைனான்ஸ் முடிந்ததற்கு 35-ஆம் படிவமும் என்.ஓ.சி.யும், நிலுவை இ-சலான், வரி, எஃப்.சி. தேதி. வண்டியின் வயது பர்மிட்டோடு முடிச்சுப் போட்டது: சாதாரண (இரண்டு ஆக்சில்) வண்டிக்கு 12 வருடம், அதற்கு மேற்பட்ட மல்டி ஆக்சிலுக்கு 15 வருடம் வரைதான் நேஷனல் பர்மிட். பத்து வயது 6 வீலை எடுப்பவர் இரண்டு வருடத்தில் தமிழ்நாட்டுக்குள் அடைபட்டுவிடுவார். எட்டு வயதைத் தாண்டியதும் எஃப்.சி. ஆண்டுதோறும். டெல்லி லைன் ஓடும் எண்ணம் இருந்தால், அந்த ஊர்ப் பதிவில்லாத பி.எஸ்.3-ம் அதற்குக் கீழான சரக்கு வண்டிகளும் 2025 நவம்பர் 1 முதல் உள்ளே போக முடியாது, பி.எஸ்.4-க்கு 2026 அக்டோபர் 31 வரைதான் அனுமதி என்பதையும் விலை பேசும்போது நினைவில் வைக்க வேண்டும்.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியம் அரசு நிர்ணயிப்பது. 2022 ஜூனில் வந்த பட்டியலில் 20 முதல் 40 டன் வரை 43,950 ரூபாய், வரி தனி. அதில் பேரம் இல்லை. பேச வேண்டியது சொந்தச் சேதப் பகுதியில். ஐ.எம்.டி. 23 என்ற சேர்ப்பு இல்லாத பாலிசியில், வண்டி மொத்தமாகப் போனால் ஒழிய, டயர், விளக்கு, மட்கார்டு, பம்பர், பெயின்டுக்குப் பணம் வராது. லாரி சின்னதாக இடிக்கும்போது உடைவதே அவைதான்! ஓனர் டிரைவருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பு சேர்ந்திருக்கிறதா என்றும், கூட வரும் ஆளுக்குக் காப்பு இருக்கிறதா என்றும் பாலிசித் தாளில் தேட வேண்டும். ஏஜென்ட் சொல்வதில் தேடக் கூடாது.

வரி பற்றிய பயம் தேவையில்லாதது. பத்து வண்டிக்குள் வைத்திருப்பவருக்கு 44ஏஇ என்று நாம் பழகிய ஏற்பாட்டில், 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு மொத்த எடை டன்னுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் லாபமாக எடுத்துக்கொள்வார்கள். 35 டன் வண்டிக்கு வருடம் 4.20 லட்சம், வேறு வருமானம் இல்லையென்றால் புதிய முறையில் வரியே வராது. ஆனாலும் ரிட்டர்ன் போட வேண்டும், அடுத்த கடனுக்கு அதுதான் முகவரி. பான் எண்ணோடு பத்து வண்டிக்குள்தான் வைத்திருக்கிறேன் என்ற உறுதிமொழியைக் கொடுத்துவிட்டால் வாடகையில் டி.டி.எஸ். பிடிக்க மாட்டார்கள். கன்சைன்மென்ட் நோட் (சரக்கை ஏற்றுக்கொண்டதற்கான சீட்டு) எழுதாமல் டிரான்ஸ்போர்ட்காரருக்கு வண்டியை வாடகைக்கு விடுபவருக்கு ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டியதில்லை.

நேரே கனரக வண்டியில் இறங்கத் துணியாதவர், மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியில் உள்ளூர் லோடு ஓட்டிப் பார்க்கலாம். சாதாரண எல்.எம்.வி. (இலகு ரக வாகன) உரிமமே அதற்குப் போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. இரவு வீட்டுக்கு வரலாம். வாடகை சிறியது, போட்டி பெரியது.

வண்டி பார்க்கப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. இப்போது ஓட்டும் வண்டியின் மூன்று மாத ஓட்டத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள்: ஏற்றிய தேதி, இறக்கிய தேதி, நின்ற நாள், காலியாக ஓடிய கிலோமீட்டர், வாடகை, பாலன்ஸ் வந்த நாள். பிறகு திரும்பும் லோடு தரக்கூடிய இரண்டு இடங்களையாவது பெயரோடு எழுதுங்கள். புனேயிலோ ஹூப்ளியிலோ சோலாப்பூரிலோ, போன் எடுத்தால் ஏற்றச் சொல்லும் ஆள் இல்லை என்றால் அந்த லைனுக்கு வண்டி எடுக்காதீர்கள். காலியாகத் திரும்பும் ஒரு பயணத்துக்கு, மேலே போட்ட மைலேஜ் கணக்கில், டீசலும் டோலும் மட்டும் 30,000 ரூபாய்க்குக் குறையாது.

ஏற்கெனவே எடுத்து மாட்டிக்கொண்டவர்களுக்கு: இரண்டாவது தவணை தவறும்போதே கடன் கொடுத்தவரிடம் போய்க் காலத்தை நீட்டிக்கக் கேளுங்கள், மூன்றுக்குப் பிறகு பேச்சு கடினம். டயர் லோன், இன்சூரன்ஸ் லோன் என்று மேலே மேலே சேர்க்காதீர்கள். விற்பதானால் எஃப்.சி., இன்சூரன்ஸ், பர்மிட் மூன்றும் உயிரோடு இருக்கும்போதே விற்க வேண்டும். எல்லாம் முடிந்து நிற்கும் வண்டிக்கு வாங்குபவர் அந்தச் செலவைப் போல இரண்டு மடங்கு கழிப்பார். கடன் நிலுவையை வாங்குபவரே நேராகக் கடன் நிறுவனத்தில் கட்டி, என்.ஓ.சி. வந்து, ஆர்.சி.யில் பெயர் மாறும் வரை வண்டிச் சாவியைக் கொடுக்கக் கூடாது. பெயர் மாறாத வண்டி நாளை எங்காவது மோதினால் நஷ்ட ஈட்டு நோட்டீஸ் பழைய ஓனர் வீட்டுக்குத்தான் வரும்.

இப்படிக்கு,
லாரி வரவு செலவுக் கணக்கு எழுதும் ஒரு வாசகர்,
சங்ககிரி.